வீட்டிலிருந்தே தொழில்: சிங்கப்பூரில் எந்த வழி யாருக்கு?

சிங்கப்பூரில் வீட்டிலிருந்தபடியே ஒரு சிறு தொழிலைத் தொடங்கிக் குடும்ப வருமானத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கலாம் என்று எண்ணும் ஒருவர், அதற்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்று நாலு பேரிடம் விசாரித்தால், நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வார்கள். அனுமதியே வேண்டாம், நாளைக்கே அடுப்பை மூட்டுங்கள் என்று ஒருவர் உற்சாகப்படுத்துவார்; வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை (வீவக) கேட்காமல் ஆரம்பித்தால் வீட்டுக்கே ஆபத்து என்று மற்றொருவர் பயமுறுத்துவார். விசித்திரம் என்னவென்றால், இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு திட்டத்தை மாத்திரம் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். திட்டங்கள் இரண்டு. அவ்விரண்டில் தமக்கு உரியது எது என்று முதலில் நிச்சயம் செய்துகொள்ளாதவர், பிற்பாடு எவ்வளவு ஜாக்கிரதையாக நடந்துகொண்டாலும் வீண் சிரமத்துக்கு ஆளாவார்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து குடியேறியவர்கள், ஊராட்சி, நகராட்சி, பிரதேச சபை என்று வட்டாரத்து ஸ்தாபனம் ஏதேனும் வியாபார உரிமம் வழங்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. இங்கும் நகரசபை என்ற ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. 1959ஆம் ஆண்டு சுயாட்சி வந்தபின் அதன் காரியங்களை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. இப்போதுள்ள நகர மன்றங்கள் தாழ்வாரத்தையும் மின்தூக்கியையும் புளோக்கின் கீழ்த்தளத்தையும் பராமரிப்பவையே தவிர, தொழிலுக்கு அனுமதி தருகிற அதிகாரம் படைத்தவை அல்ல. ஜனங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் வசிக்கும் வீவக வீடுகளைப் பொறுத்தவரை வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும், கொண்டோமினியம், தரைவீடு முதலிய தனியார் வீடுகளைப் பொறுத்தவரை நகர மறுசீரமைப்பு ஆணையமுமே இவ்விஷயத்தில் தீர்மானிக்கும் இடங்கள். இரண்டும் வகுத்துள்ள நிபந்தனைகள் பெரும்பாலும் ஒன்றே.

முதலாவது திட்டம் வீடு சார்ந்த சிறுதொழில் திட்டம் எனப்படுவது; இதற்கு விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை, ஒப்புதல் கடிதமும் இல்லை. இரண்டாவது, 2003ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த வீட்டு அலுவலகத் திட்டம். இதற்கு விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றாக வேண்டும். இவ்வளவைக் கேட்டவுடன் பலர் செய்துகொள்ளும் அனுமானம் ஒன்றுண்டு: அனுமதி தேவைப்படாதது தாழ்ந்த படி, அனுமதி பெற்றது உயர்ந்த படி, ஆகையால் சிறியதாகத் தொடங்கிய தொழில் வளர வளர இதிலிருந்து அதற்கு ஏறிக்கொள்ளலாம் என்பதே அது. அந்த அனுமானம் தவறு. வீட்டிலே கேக் செய்து விற்கிற ஒரு பெண்மணி, வாடிக்கை பெருகிற்று என்பதற்காக வீட்டு அலுவலகத்துக்கு விண்ணப்பித்து, இரண்டு பேரை வேலைக்கு வைத்துக்கொண்டு அதையே பெரிதாக நடத்த முடியாது. அலுவலகத் திட்டம் அவ்வகைத் தொழிலுக்காக ஏற்பட்டதே அல்ல. இரண்டும் தன்மையிலேயே வேறுபட்டவை. ஒன்று கைவேலைக்கும் சமையலுக்கும் கற்பித்தலுக்கும் உரியது. மற்றொன்று மேஜையும் கணினியும் தொலைபேசியும் கொண்டு நடக்கும் விவகாரங்களுக்கு உரியது.

நம்மவரில் மிகப் பலருக்குப் பயன்படக்கூடியது முதலாவது திட்டமே ஆதலால், அதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். கேக், ரொட்டி முதலியவற்றைச் சிறிய அளவில் செய்து விற்பது, தையல், முடிதிருத்தம், நக அழகு, மாணவர்களுக்குத் துணைப்பாடம், எழுத்து, ஓவியம் போன்றவை இதில் அடங்கும். தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது முறுக்கும் அதிரசமும் ஓமப்பொடியும் ஆர்டர் வாங்கிச் செய்து கொடுக்கிற இல்லத்தரசிகள் அத்தனை பேரும், திட்டத்தின் பெயரை அறிந்திருந்தாலும் அறியாவிட்டாலும், இதன் நிழலிலேதான் தொழில் செய்கிறார்கள். சிங்கப்பூர் உணவு அமைப்பு இவர்களிடம் உரிமம் கேட்பதில்லை. அதனாலேயே கேள்வி கேட்பார் இல்லை என்று எண்ணிவிடலாகாது: வாங்கிச் சாப்பிட்டவருக்கு வயிறு கெட்டது என்று புகார் போனால் அமைப்பின் அதிகாரிகள் விசாரிக்க வருவார்கள், உணவு பற்றிய சட்டம் கடைக்காரருக்கு எவ்வாறோ அவ்வாறே வீட்டுச் சமையற்காரருக்கும் பொருந்தும். உணவுப் பாதுகாப்பு வகுப்பின் முதல் நிலையைப் படித்துக்கொள்ளுமாறு அமைப்பு சொல்வது யோசனையே, கட்டாயமல்ல. ஆனாலும் பணம் வாங்கிக்கொண்டு பிறர் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர் அதைப் படிக்காமல் இருப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் விரைந்து பெருகும் என்ற ஒரே விஷயத்தை உள்ளபடி உணர்ந்துகொண்டால், தேங்காய்ச் சட்னியை எத்தனை நேரம் வெளியில் வைக்கலாம் என்ற கேள்விக்கு விடை தானே வந்துவிடும். பச்சை மீன் போன்ற, வேகவைக்காமல் உண்ணும் பண்டங்களின் பக்கம் போகாமல் இருப்பதே உத்தமம்.

எல்லைக்கோடு எங்கே இருக்கிறது? கேட்டரிங் கூடாது என்பது விதி. ஒரு வீட்டுக்கு இரண்டு கிலோ முறுக்கு, இன்னொரு வீட்டுக்குப் பிறந்தநாள் கேக் என்பதெல்லாம் வீட்டுத் தொழில். ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வருகிற விருந்தினர் அனைவருக்கும் பிரியாணியும் தால்ச்சாவும் பெரிய அண்டாக்களில் ஆக்கி அனுப்புவது, சமைக்கிறவர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும், உரிமம் பெற்ற சமையற்கூடத்தில் நடக்க வேண்டிய காரியம். அதேபோல வீட்டு உபயோகத்துக்கு உரியதல்லாத கனரகச் சாதனங்களை நிறுவுவதற்கும் தடை உண்டு. பேக்கரிகளில் உள்ளதைப் போன்ற பெரிய ஓவனை வாங்கிச் சமையலறைச் சுவரோடு பொருத்தலாமா என்று யோசிக்கிற கட்டம் ஒருவருக்கு வந்துவிட்டதென்றால், அவருடைய தொழில் வீட்டை மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

உண்மையில் இத்திட்டத்தின் நிபந்தனைகள் அனைத்தும் அண்டை வீட்டாரை உத்தேசித்தவை. சத்தம், புகை, வாடை, கழிவு ஆகியவற்றால் பிறருக்குத் தொல்லை நேரக்கூடாது. ஆட்களும் வாகனங்களும் வழக்கத்துக்கு அதிகமாக வந்துபோகக் கூடாது. பெயர்ப்பலகையோ விளம்பரமோ வீட்டின் வெளியே மாட்டக்கூடாது. ஆபத்தான சரக்குகளை இருப்பு வைக்கக்கூடாது. வீடு முதன்மையாக வீடாகவே இருக்க வேண்டும். தாழ்வாரத்தில் அட்டைப் பெட்டிகளை அடுக்கிவைக்கிற பழக்கம் தனியே ஒரு குற்றம்: தீ நேர்ந்தால் மக்கள் தப்பிச் செல்வதற்கு 1.2 மீட்டர் அகலமாவது வழி விட்டிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு தொழில் செய்கிறவர், செய்யாதவர் எல்லோருக்கும் பொது.

துணைப்பாடத்தின் விஷயத்தில் விதி இன்னும் திட்டவட்டமாக இருக்கிறது. ஒரே நேரத்தில் மூன்று மாணவர்களுக்கு மேல் உட்கார வைக்கக்கூடாது. மாலை ஐந்து மணிக்கு ஒரு வீட்டு வாசலில், பள்ளிச் சப்பாத்துகள் எட்டு ஜோடி இரும்புக் கதவோரத்தில் குவிந்து கிடக்க, உள்ளே சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மூவரும் மிச்சப் பேர் பாய் விரித்துத் தரையிலுமாக அமர்ந்து தமிழ்க் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பது காண்பதற்கு இனிய காட்சிதான்; சட்டப்படி அது சரியல்ல. பத்துப் பேரும் அதற்கு மேலும் சேர்ந்தால் கல்விச் சட்டத்தின் கண்ணுக்கு அது ஒரு பள்ளியாகவே ஆகிவிடும். அப்போது கல்வி அமைச்சில் பதிய வேண்டிய கடமையும் வந்து சேரும். மூன்று மூன்று பேராக வேளை பிரித்து வைத்துக்கொண்டு நடத்துகிற ஆசிரியர்களை நான் அறிவேன்; வருமானம் சற்றுக் குறைந்தாலும் பாடம் நன்றாக நடக்கிறது என்பது அவர்கள் அபிப்பிராயம்.

அழகுக்கலைத் தொழிலில் சிகை, நகம் முதலியவற்றுக்கு இடமுண்டு. உடம்பு பிடித்துவிடுவதற்கு இடமில்லை, அது தனி உரிமத்தின் கீழ் வருவது. தையலுக்குக் கூடுதல் வியாக்கியானம் தேவையில்லை.

இத்திட்டத்தின் மிகக் கடுமையான நிபந்தனை, பலர் கவனியாமல் விட்டுவிடுவதும் அதுவே, வெளியார் ஒருவரையும் வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது. அந்த வீட்டின் உரிமையாளர், பதிவு பெற்ற குடியிருப்பாளர், வாடகைக்கு இருப்பவர் ஆகியோர்தாம் தொழிலில் ஈடுபடலாம். வீட்டிலே பணிப்பெண் இருக்கிறாளே, மாவு பிசைய அவள் கொஞ்சம் உதவினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. உதவக்கூடாது. அவளுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதி வீட்டு வேலைக்கு மாத்திரமே. எஜமானியின் வியாபாரத்துக்கு அவளைப் பயன்படுத்தினால் மனிதவள அமைச்சு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கக்கூடும். அதைவிடவும் மனவருத்தம் தருவது, இங்கு வேலை செய்கிறவரைச் சார்ந்திருப்போருக்கான டிபென்டன்ட் பாஸில் வந்திருக்கும் மனைவிமாரின் நிலை. பட்டம் படித்து, கைத்தொழிலும் அறிந்து, கணவர் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் நாலு சுவருக்குள் இருக்கிற இவர்கள், பிளவுஸ் தைத்துக் கொடுத்தோ மருதாணி இட்டோ சம்பாதிக்க விரும்புவதில் வியப்பில்லை; ஆனால் 2021ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி, இப்பாஸில் உள்ளோர் வேலைக்குப் போவதானால் தனி வேலை அனுமதி பெற வேண்டும் என்றும், சொந்தத் தொழில் நடத்துவதானால் தொழிலைப் பதிந்து, உள்ளூர்வாசி ஒருவரையாவது சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தால்தான் ஒப்புதல் கிடைக்கும் என்றும் ஏற்பாடாகிவிட்டது. வெளியாரை வேலைக்கு வைக்கவே கூடாத ஒரு திட்டத்தில், உள்ளூராரை வேலைக்கு வைத்தாக வேண்டியவர் எப்படிப் பொருந்துவார்? பிளவுஸ் தைப்பதற்கு அந்த ஏற்பாடு பெரும்பாரம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் விதி அதுதான். தெரியாமல் செய்துவிட்டேன் என்பது கணவருடைய பாஸுக்கும் சேர்த்துச் சங்கடத்தைக் கொண்டுவரலாம்.

இனி இரண்டாவது திட்டம். கணக்கெழுதுவோர், கட்டடக் கலைஞர், ஆலோசகர், காப்புறுதி முகவர், வீட்டுச் சந்தை முகவர், மென்பொருள் செய்வோர், வடிவமைப்பாளர் ஆகிய இவர்களுடைய தொழிலுக்கு வாடிக்கையாளர் வீடு தேடி வர வேண்டிய அவசியம் இல்லை. சரக்கு அடுக்கிவைக்க இடமும் வேண்டியதில்லை. இவர்களுக்கென்றே ஏற்பட்டது வீட்டு அலுவலகம். வீட்டில் வசிப்போரைத் தவிர வெளியார் இருவரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது இதன் முதற் சலுகை. நிறுவனத்தின் பதிவு முகவரியாக வீட்டு முகவரியையே கொடுக்கலாம் என்பது இரண்டாவது. அதுவே முக்கியமானதும் ஆகும். வாகனம் வாங்கி விற்பது, மருந்தகம், வேலைவாய்ப்பு முகவை, உணவகம், கேட்டரிங், சாமான்களைக் காட்சிக்கு வைத்து விற்கும் கடை, வகுப்பு நடத்தும் பயிற்சிப் பள்ளி ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை. பெயர்ப்பலகைக்கும் இல்லை. குத்தகைதாரர் சரக்குகளை வீட்டில் வைத்துக்கொள்வது ஆகாது. தாளும் தொலைபேசியுமாக விலை பேசி ஒப்பந்தம் முடிக்கிற அளவில் நடத்திக்கொண்டால் ஆட்சேபம் இல்லை.

விண்ணப்பம் செய்வது பிரமாதமான காரியம் அன்று. வீவக வீட்டுக்காரர் கழகத்தின் இணையவாசலில் சிங்பாஸ் என்ற மின்னடையாளம் கொண்டு நுழைந்து, ஒரு சொற்பக் கட்டணத்தோடு முடித்துவிடலாம். வாடகைக்கு இருப்பவர் உரிமையாளரின் சம்மதத்தையும் பெற வேண்டும். தனியார் வீட்டுக்காரர் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் போக வேண்டும். கொண்டோமினியமாக இருந்தால், அதன் நிர்வாகக் குழுவுக்குச் சொந்தத் துணைவிதிகள் உண்டாகையால், அவற்றையும் ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. பாதுகாவலரிடம் பெயர் எழுதிவிட்டு உள்ளே வருகிற விருந்தினர் எண்ணிக்கை கூடும்போது முதலில் கேள்வி கேட்பது அந்தக் குழுவாகத்தான் இருக்கும்.

தொழில் பதிவைப் பற்றிய குழப்பம் இவ்விரு திட்டங்களோடும் கலந்து கிடக்கிறது. வீட்டில் தொழில் செய்ய இடம் தருவது வேறு. தொழிலின் பெயரைப் பதிவது வேறு. பதிவைப் பார்த்துக்கொள்வது அக்ரா என்று எல்லோரும் அழைக்கும் ஆணையம். அடையாள அட்டையில் உள்ள தம் முழுப்பெயரிலேயே தனி ஒருவராகத் தொழில் நடத்துகிறவர் பதிய வேண்டியதில்லை. ஆனால் பாட்டியின் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ சேர்த்து அழகான ஒரு பெயர் சூட்டி, அதை முறுக்குப் பாக்கெட்டின் மேல் ஒட்ட ஆசைப்படுகிறவர் பதிந்தே ஆக வேண்டும். பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி, ஆக 115 வெள்ளியில் தனியுரிமைத் தொழிலைப் பதிந்துவிடலாம். வரையறுக்கப்பட்ட நிறுவனமாக வேண்டுமென்றால் 315 வெள்ளி. பதிவின்போது வீட்டு முகவரியைத் தருவோர், வீட்டு அலுவலக ஒப்புதலை முன்னதாகவே வாங்கி வைத்திருக்க வேண்டும். வரிசை மாறினால் வேலை இரண்டாகும்.

ஆகவே தேர்ந்தெடுக்கப் புகுந்தவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளுள், எனக்கு எந்த அனுமதி சுலபமாகக் கிடைக்கும் என்பது கடைசியில் வர வேண்டியது. பண்டமோ கைவேலையோ கொடுக்கிறேனா, ஆலோசனையும் தாளும் கொடுக்கிறேனா என்பது முதற் கேள்வி. ஏறக்குறைய எல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். உதவிக்கு ஆள் வேண்டுமா என்பது அடுத்தது: கைத்தொழில்காரருக்கு ஆள் தேவைப்பட்டால் அவருக்கு இரு திட்டங்களிலும் இடமில்லை, வெளியே இடம் பார்க்க வேண்டியதுதான். ஒரு நிறுவனத்துக்குப் பட்டியல் அனுப்பி, நிறுவனத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து நடத்த வேண்டிய தொழிலாக இருந்தால், ஆரம்பத்திலேயே வீட்டு அலுவலக ஒப்புதலையும் பதிவையும் முடித்துக்கொள்வது மேல். தனியே உட்கார்ந்து எழுதுகிறவரும், மொழிபெயர்ப்பவரும், படம் வரைகிறவரும் எந்தத் திட்டத்திலும் சேரலாம். அவர்கள் தம் சொந்தப் பெயரிலேயே நடத்துவதானால் முதலாவதே போதும், காகித வேலை மிச்சம்.

மூன்றாவது மார்க்கம் ஒன்றும் உண்டு. அது கடையோ, அங்காடிக் கடையோ, பிறரோடு பகிர்ந்துகொள்ளும் உரிமம் பெற்ற சமையற்கூடமோ வாடகைக்கு எடுப்பது. செலவு மிகுதி என்பது உண்மை. எனினும் கேட்டரிங், வேலையாட்கள், பெயர்ப்பலகை, பெரிய அடுப்பு என்று வீட்டில் மறுக்கப்பட்ட அத்தனையும் அங்கே கைகூடும். 2025ஆம் ஆண்டில், வரவேற்பறையிலேயே காப்பி இயந்திரம் வைத்து முன்பதிவில் ஆட்களை வரவழைக்கும் வீட்டுக் காப்பியகங்கள் பெருகியபோது, வாடகை கட்டித் தொழில் செய்கிற எங்களுக்கு இது நியாயமா என்று கடைக்காரர்கள் கேட்டதும், விவகாரம் நாடாளுமன்றம் வரையில் போனதும் பலருக்கு நினைவிருக்கும். கடைக்காரர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மூன்று அறை வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை காப்பிதான் விற்றுவிட முடியும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறுமை என்ற எல்லைக்குள் நின்றால்தான் வீட்டுத் தொழிலுக்கு இந்தச் சலுகை. அந்த எல்லை எவ்வளவு மெல்லியது என்பது 2020ஆம் ஆண்டு கொவிட் கட்டுப்பாடுகளின்போது தெரிந்தது: ஏப்ரல் பிற்பகுதியில் வீட்டுத் தொழில்களை நிறுத்தச் சொன்னார்கள்; நோன்புப் பெருநாளுக்குப் பலகார ஆர்டர் எடுத்திருந்த குடும்பங்கள் தவித்துப்போயின; மே 12ஆம் தேதிதான் உணவுத் தொழில்களுக்குத் தடை தளர்ந்தது.

வரி விஷயத்தில் இரு திட்டத்தாருக்கும் வித்தியாசமில்லை. வருமானத்தைக் கணக்கில் காட்ட வேண்டும். ரசீதுகளை ஐந்தாண்டு பத்திரப்படுத்த வேண்டும். செலவு போக நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போட வேண்டும். பொருள் சேவை வரிப் பதிவு 10 லட்சம் வெள்ளி விற்பனைக்கு மேற்பட்டவர்களைப் பற்றியது. முறுக்கு விற்று அதை எட்டியவரை நான் கேள்விப்பட்டதில்லை.

வீடு மாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு அலுவலக ஒப்புதல் ஆளுக்குக் கொடுக்கப்பட்டாலும் அந்த முகவரிக்கே கட்டுப்பட்டது. புது வீட்டுக்குப் போனால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அக்ராவிடம் 14 நாட்களுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கவும் வேண்டும். சொந்தப் பெயரில் கேக் செய்து விற்கிறவருக்கு இந்த அலைச்சல் எதுவும் இல்லை. புது வீட்டுச் சமையலறையில் ஓவனுக்கு மின்சாரம் கொடுத்த அன்றே அடுத்த ஆர்டரை எடுத்துக்கொள்ளலாம்.